கூட நிற்கிறவர்கள்

எங்கள் ஊர்க்காரர்கள் எந்தக் காரியத்துக்கும் தனியாகப் போக மாட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, பல் பிடுங்க வேண்டுமா, நேற்று வாங்கிய செருப்பைக் கடையில் மாற்ற வேண்டுமா, குறைந்தது மூன்று பேர் கிளம்புவார்கள். ஒருவர் பேசுவார். மற்றவர்கள் கூட நிற்பார்கள். கூட நிற்பது என்றால் சும்மா நிற்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பேசுகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். எதிராளி ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். காரியம் முடிந்ததும் எல்லோருமாக டீக்கடைக்குப் போக வேண்டும். மதுரையில் அது பொறுப்பான வேலை.

பொறியியல் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் வேலைக்கு நான் நேர்காணலுக்குப் போன அன்றுகூட அப்பா, பெரியப்பா, எதிர்வீட்டு மாமா என்று மூன்று பேர் என்னோடு வந்தார்கள். முதல்வர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்விக்குப் பெரியப்பா பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு மாமா. மூன்றாவது கேள்வி ஆங்கிலத்தில் வந்ததால் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மறுத்ததில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் மாணவர்களைத் திட்டப்போகிறேன். திட்டுகிறவளின் லட்சணமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அது எண்பதுகளின் தொடக்கம். பழங்காநத்தத்தில் எங்கள் வீடு. திருமங்கலம் பஸ்ஸில் ஏறி, கப்பலூர் தொழிற்பேட்டை வருவதற்குச் சற்று முன்னால் இறங்கினால் கல்லூரி. ஆசிரியர்களில் நான் ஒருத்திதான் பெண். வயது இருபத்தைந்து. முதலாம் ஆண்டுப் பையன்களிலேயே பாதிப் பேர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு எனக்கு அண்ணன்மார் மாதிரி இருந்தார்கள். அதனாலோ என்னவோ, வகுப்புக்குள் போகும்போதே கொஞ்சம் கோபத்தை முகத்தில் பூசிக்கொண்டு போவேன். போகப்போக அது பூச்சாக இல்லாமல் நிஜமாகவே ஆகிவிட்டது. சாக்பீஸ் எறிந்தால் எனக்குக் குறி தப்பாது.

ஆங்கில வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அறையில் மூன்று மின்விசிறிகள், அதில் ஒன்றுதான் சுற்றும். பாடப்புத்தகத்தில் பனி பெய்கிற ஏதோ ஒரு கிராமத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. கரண்டு போன சித்திரை மாதத்தில் அதை நான் உணர்ச்சியோடு வாசிப்பேன். அறுபது பேரில் பதினைந்து பேர் நகரத்தில் ஆங்கில வழியில் படித்தவர்கள். மற்றவர்கள் உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர், மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் தமிழில் படித்துவிட்டு நேராக இங்கே வந்து விழுந்தவர்கள். இரண்டு கட்சிகளும் ஒற்றுமையாகத் தூங்கின.

ஒருநாள் ஒர்க்ஷாப் பக்கமாக நடந்துபோனேன். உள்ளே அதே பையன்கள். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, ஒருவன் அரம் போட, ஒருவன் அளவு பார்க்க, இன்னொருவன் "டேய் மாப்ள, அம்புட்டையும் தேச்சிராதடா" என்று கத்த, ஒரே அமளி. என் வகுப்பில் நான் உயிரோடு பார்த்தே இராத முகங்கள் எல்லாம் அங்கே உயிரோடு இருந்தன. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த அமளியை ஆங்கிலத்தில் நடத்தினால் என்ன என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

திட்டம் இதுதான். நாலு நாலு பேராகக் குழு பிரிப்பது. ஒவ்வொரு குழுவும் கப்பலூரில் ஒரு சின்னத் தொழிற்சாலைக்குப் போய், அங்கே ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பொருளில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, வகுப்பின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். சாம்பாருக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி, ஒவ்வொரு குழுவிலும் ஆங்கில வழியில் படித்தவன் ஒருவனைப் போட்டேன். வாசனை மற்ற மூவருக்கும் பரவும் என்று கணக்கு.

"இங்கிலீஷுக்கு எதுக்கும்மா ஃபேக்டரி?" என்று முதல்வர் கேட்டார். பிறகு, எப்படியோ போங்கள் என்கிற மாதிரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதலில் வந்த குழு பம்புசெட் பாகங்கள் வார்க்கிற ஒரு பட்டறைக்குப் போய்விட்டு வந்திருந்தது. அந்தக் குழுவின் பெருங்காயம், மேலமாசி வீதிப் பக்கமிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரியின் மகன். கையில் ஒரு இரும்பு வார்ப்போடு நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். முதலாமவன், "குட் ஆஃப்டர்நூன்" என்றான். இரண்டாமவன் வார்ப்பைத் தூக்கிப் பிடித்து, "திஸ் இஸ் இட்" என்றான். அதற்குப் பிறகு வங்கி அதிகாரி மகன் பதினைந்து நிமிடம் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு திக்கல் திணறல் இல்லாமல் பேசினான். மற்ற மூவரும் அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். முடிந்ததும், எழுமலையிலிருந்து வந்த ஒல்லியான உயரமான பையன் ஒருவன் ஓர் அடி முன்னால் வந்து, "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸ் டப்பாவையே எறிந்திருப்பேன். "என்னய்யா இது? நாலு பேரும் சேந்து செய்யுங்கன்னுதானே சொன்னேன்?"

"சேந்துதான் மேடம் செஞ்சோம்" என்றான் "திஸ் இஸ் இட்" சொன்னவன், உண்மையிலேயே புரியாமல். "அவன் பேசுனான். நாங்க கூட நின்னோம்."

பெரியப்பாவும் மாமாவும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அடுத்து வந்த குழுக்களும் அச்சு மாறாமல் அதையேதான் செய்தன. ஒவ்வொரு குழுவிலும் ஒருவன் பேசினான், மூவர் நின்றார்கள், பிறகு எல்லோருமாகக் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தார்கள். நான் குழு என்று சொன்னதை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த குழுவாக எடுத்துக்கொண்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

அடுத்த திங்கட்கிழமை, ஆசிரியர் அறை வாசலில் அந்த எழுமலைப் பையன் வந்து நின்றான். தலை நிறைய எண்ணெய், வெள்ளைச் சட்டை, கையில் நாலாக மடித்த காகிதம்.

"என்னப்பா?"

"டி.சி.க்கு லெட்டர் மேடம். ஊருக்குப் போறேன்."

காகிதத்தை வாங்கிப் பிரித்தேன். கனிவுடன் பரிசீலிக்குமாறு, தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை என்றெல்லாம் எடுப்பான ஆங்கிலத்தில், பூப்போட்ட மாதிரி எழுத்து. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். வங்கி அதிகாரி மகனுடையது. கல்லூரியை விட்டுப் போவதற்குக்கூட இவன் கூடத்தான் நின்றிருக்கிறான்.

"குடும்பச் சூழ்நிலைன்னா என்ன?"

"அப்படித்தான் எழுதணும்னு சொன்னான் மேடம்." தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல போகுது. ஊர்ல கண்ண மூடிக்கிட்டுப் போட்ட கணக்கு, இங்க யாரோ அசலூர்க்காரன் மாதிரி நிக்குது. ஒண்ணும் வெளங்கல. அப்பாகிட்டச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வாராரு. நாலு பேரக் கூட்டிட்டு வாராரு."

நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால் அது முடிவான விஷயம். மெதுவாகக் கேட்டுக்கேட்டு மீதியைத் தெரிந்துகொண்டேன். அவனுடைய அப்பா பல வருடம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்து, அப்புறம் கிணற்றோடு கொஞ்சம் நிலம் சொந்தமாக வாங்கியவர். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவன்தான். எந்த ஆபீசுக்குப் போனாலும் அப்பா வாயைத் திறக்க மாட்டாராம். பேசுவதற்கென்று ஊரில் ஓர் அண்ணன் இருக்கிறார், அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவாராம்.

இவன் குரலை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாகக் கேட்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்கில் தினமும் ஆஜர் கூப்பிட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்கு உடனே கோபமும் வரும்.

"அந்தப் பட்டறைக்குப் போனியே, என்னதான் பாத்த? தமிழ்லயே சொல்லு."

ஒரு நிமிடம் பேந்தப் பேந்த விழித்தான். பிறகு ஆரம்பித்தான். அவர்கள் கொண்டுவந்த வார்ப்பு ஒரு ஃபுட்வால்வின் கூடு என்றான். கிணற்றுக்குள் போகிற பைப்பின் அடிமுனையில் மாட்டுவது. தண்ணீரை மேலே ஏற விடும், கீழே இறங்க விடாது. "உள்ள ஒரு தோல் இருக்கும் மேடம். அதுதேன் உசுரு. இரும்புத் தட்டுக்கு அடியில தோல் ஒக்காரணும். தோல் தேஞ்சாலோ மாத்திப் போட்டாலோ, ஊத்துற தண்ணி அம்புட்டும் ஒழுகிரும். மோட்டார் சும்மா சுத்தும், சொட்டுத் தண்ணி வராது. எங்க ஊர்ல யார் கெணத்துல தண்ணி நின்னாலும் என்னையத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பட்டறைல தோல் ஒக்கார்ற எடத்தச் சரியாத் தேய்க்காம அனுப்புறாங்க மேடம், நான் கையால தடவிப் பாத்தேன்..." நிறுத்தவே இல்லை. கைகள் காற்றில் வால்வைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தன.

"இதை ஏன் வகுப்புல சொல்லல?"

"அவென் எழுதுனதுல இது இல்ல மேடம்."

கடிதத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். "இது உன் லெட்டர் இல்ல. நான் வாங்க மாட்டேன். போறதுன்னா உன் சொந்த இங்கிலீஷ்ல எழுதிட்டு வா. நானே பிரின்சிபால்கிட்டக் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அது தெரிஞ்சா நான் ஏன் மேடம் போகப்போறேன்?"

சிரிப்பை அடக்கிக்கொள்ள நான் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேட வேண்டியிருந்தது. அவன் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. அவன் போய்விட்டால், அவனை அனுப்பியது அந்தப் பனி பெய்கிற கிராமமும் நானும்தான். இதை அன்று பஸ்ஸில் பழங்காநத்தம் வரைக்கும் நினைத்துக்கொண்டே போனேன். இறங்குவதற்குள் ஒரு வழி பிடிபட்டுவிட்டது.

மறுநாள் வகுப்பில் புது விதியை அறிவித்தேன். "இனிமே யாரும் வகுப்புக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். ஒரு குழு சொல்லணும், இன்னொரு குழு செய்யணும். சொல்றவன் பொருளைத் தொடக் கூடாது, கையைப் பின்னால கட்டிக்கணும். செய்றவங்களுக்குத் தமிழே தெரியாதுன்னு வச்சுக்குங்க. சொன்னதை மட்டும்தான் செய்வாங்க. சரியாச் சொல்லலைன்னா வேலை நடக்காது. குழுவுல யார் சொல்லணும்கிறதை அந்த நேரத்துல சீட்டுக் குலுக்கி எடுப்பேன். மார்க் நாலு பேருக்கும் ஒண்ணுதான்."

வகுப்பு விழித்துக்கொண்டது. ஒருவனும் தூங்கவில்லை. வங்கி அதிகாரி மகன் மெதுவாகத் திரும்பி எழுமலைப் பையனைப் பார்த்த பார்வையில் உயிர்ப்பயம் தெரிந்தது.

"முதல் குழு, ஃபுட்வால்வு. வெள்ளிக்கிழமை" என்றேன்.

அன்று மாலை கேன்டீனுக்குப் பின்னால் படிக்கட்டில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒர்க்ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு பழைய ஃபுட்வால்வு. நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன். விரிவுரையாளர் செய்யக்கூடிய காரியமில்லைதான், ஆனால் செய்தேன்.

"இது எதுக்குடா இங்க வருது?" என்றான் வங்கி அதிகாரி மகன்.

"தண்ணி கீழ எறங்காம இருக்க, மாப்ள. தோல் அப்படியே அமுங்கிக்கிரும்" என்றான் எழுமலைப் பையன்.

"அப்ப, இட் ஹோல்ட்ஸ் த வாட்டர்னு சொல்லு."

"இட் ஹோல்ட்ஸ் த வாட்டர். சரி, இப்ப நீ கழட்டு. அய்யய்யோ, அப்படித் திருகாத, மரை போயிரும்."

அவனுக்குத் தெரிந்ததை இவனுக்கும், இவனுக்குத் தெரிந்ததை அவனுக்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கை அழுக்காகாமல் வளர்ந்த அந்த மாசி வீதிப் பையனுக்கு முழங்கை வரை கிரீஸ். எழுமலைப் பையன் மடியில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வால்வின் படம் வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் அவர்களைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள். புதன், வியாழனும் அதே படிக்கட்டுதான்.

வெள்ளிக்கிழமை மதியம். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. அதன் விளிம்பில் ஒரு சின்னப் பம்பும் மோட்டாரும். ஒர்க்ஷாப்பிலிருந்த பயிற்சியாளர் ஃபுட்வால்வை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி ஒரு சாக்கின் மேல் பரப்பி வைத்திருந்தார். செய்ய வேண்டிய குழு சாக்கைச் சுற்றிக் குந்தியிருந்தது. வால்வைச் சரியாகப் பூட்டி, பைப்பில் மாட்டி, தொட்டிக்குள் இறக்க வேண்டும். பம்பின் மேல்வாயில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நின்றால் வால்வு சரி. இறங்கினால் எல்லாம் வீண். மார்க் போட நான்கூடத் தேவையில்லை, தண்ணீரே போட்டுவிடும்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டப்பாவில் நாலு சீட்டு இருந்தது. நாலு சீட்டிலும் ஒரே எண்ணைத்தான் எழுதியிருந்தேன்.

எழுமலைப் பையனின் எண் வந்தது. அவன் முகம் வெளிறிப்போனது. டப்பா பக்கத்தில் நின்றிருந்த வங்கி அதிகாரி மகன் சும்மா இருக்காமல் மீதிச் சீட்டுகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். அடுத்ததையும் பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு மூன்றையும் கசக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போடா மாப்ள, நாங்க கூட நிக்கிறோம்" என்றான்.

எழுமலைப் பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். குரல் நடுங்கியது. "ஃபர்ஸ்ட்... டேக் த பிக் பீஸ். கீப் த ஹோல் அப்." சாக்குக்காரர்கள் எடுத்தார்கள். "நாட் திஸ் ஹோல். அதர் ஹோல்." திருப்பினார்கள். சொன்னது நடக்கிறது என்று தெரிந்ததும் அவன் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, கட்டடத்தின் மூலையைத் திரும்பி ஐந்து பேர் வந்தார்கள். பையன் பின்பக்கம் இருக்கிறான் என்று ஆபீஸ் பியூன் வழிகாட்டி அனுப்பியிருக்கிறார். முன்னால் வந்தவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, சட்டைப் பையில் பேனா. பார்த்தவுடனேயே தெரிந்தது, அவர்தான் பேசுகிற அண்ணன். கடைசியாக, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர் அப்பா. மகனின் உயரம் அவரிடமிருந்து வந்திருந்தது.

பையன் அவர்களைப் பார்த்தான். வாய் நின்றுபோனது. நானும் நின்றுபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் பத்து நிமிடம் கழித்து வந்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் அந்த ஐந்து பேரையும் திட்டினேன். நாலு பேரும் அப்பாவும் மாணவர்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றுகொண்டார்கள். என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டாலும், நிற்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

"கோ ஆன்" என்று பின்னாலிருந்து வங்கி அதிகாரி மகனின் முணுமுணுப்பு.

"நெக்ஸ்ட்..." என்றான் பையன். "டேக் த அயர்ன் பிளேட். டேக் த ஸ்கின்."

"லெதர்" என்றது முணுமுணுப்பு.

"டேக் த லெதர். புட்... புட் டுகெதர்."

சாக்குக்காரன் இரும்புத் தட்டைக் கீழேயும் தோலை மேலேயும் வைத்து போல்ட்டை நுழைத்தான். தப்பு. பையனின் கண்கள் அகலமாயின. வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை. கட்டிய கைகள் முதுகுக்குப் பின்னால் துடித்தன. அடுத்து சாக்குக்காரன் நட்டை எடுத்துத் திருகவும் ஆரம்பித்துவிட்டான்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஏலேய், தோலு அடியில போகணும்யா! மாத்திப் போடுறியே!"

எல்லோரும் திரும்பினார்கள். எந்த ஆபீசிலும் வாயைத் திறக்காத அப்பா, துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். அவருக்கு இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் ஃபுட்வால்வு புரிந்துவிட்டது. சாக்குக்காரன் கை தானாகத் தோலைக் கழற்றப் போனது.

பையன் அப்பா பக்கம் திரும்பினான். நெஞ்சை நிமிர்த்தி, தெளிவாக, வகுப்பே கேட்கிற மாதிரிச் சொன்னான்: "ஃபாதர். ப்ளீஸ். நோ டமில்."

அப்பா அப்படியே நின்றுவிட்டார். பேசுகிற அண்ணன் மற்ற மூவரின் முகத்தைப் பார்த்தார். பையன் சாக்குக்காரனிடம், "யூ டிட் நாட் ஹியர் ஹிம்" என்றான். சாக்குக்காரனும் விசுவாசமாகத் தோலைப் பழைய இடத்திலேயே தப்பாக வைத்துவிட்டு, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தான்.

"ரிமூவ் த போல்ட்" என்றான் பையன். இப்போது நடுக்கம் இல்லை. "அயர்ன் அப். லெதர் டவுன். லெதர் மஸ்ட் சிட் அண்டர் த அயர்ன். தென் இட் ஹோல்ட்ஸ் த வாட்டர்." சாக்குக்காரன் மாற்றிப் போட்டான். "எஸ்! நவ் டைட். நாட் டூ டைட்." அதற்கப்புறம் பையனை நிறுத்த ஆளில்லை. சல்லடை, பைப், இறக்கு, பிடி, ஊற்று என்று கட்டளைகள் பறந்தன. இலக்கணம் தொட்டிக்குள் விழுந்தது, யாரும் எடுக்கப் போகவில்லை. நானும்தான்.

பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். விளிம்பு வரை நிரம்பியது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். மாணவர்கள், பயிற்சியாளர், ஊர்க்காரர்கள் நாலு பேர், அப்பா, நான். எங்கள் தலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. தண்ணீர் அசையாமல் நின்றது. மூடியைத் திருகி மோட்டாரைப் போட்டதும் பைப் ஒருமுறை இருமியது, பிறகு கை பருமனில் தண்ணீர் கொட்டியது. அறுபது பேரும் போட்ட கூச்சலில் முதல்வர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

எல்லாம் அடங்கிய பிறகு ஐந்து பேரும் ஆசிரியர் அறை வராந்தாவுக்கு வந்தார்கள். பையன் சட்டையெல்லாம் நனைந்து ஓரமாக நின்றான். பேசுகிற அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"அதாவது டீச்சரம்மா, தம்பியக் கூட்டிட்டுப் போயிரலாம்னு ஒரு முடிவு பண்ணி வந்திருக்கோம். லெட்டரக் குடுத்தாத்தேன் டி.சி. தருவாங்களாம்ல." பையன் பக்கம் திரும்பினார். "லெட்டர் எங்கப்பா?"

பையன் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்தான். அது அதே கடிதம்தான். பின்பக்கம் முழுக்க ஃபுட்வால்வு படம், சுற்றிலும் ஆங்கில வார்த்தைகள். கேன்டீன் படிக்கட்டில் அவன் மடியில் இருந்த காகிதம் அதுதான். முன்பக்கத்தில், குடும்பச் சூழ்நிலைக்கு மேலேயே கிரீஸ் கைரேகைகள்.

"இதக் குடுக்க முடியாதுண்ணே" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "வேற எழுதணும்."

அண்ணன் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அப்ப வேற எழுதிக் குடுத்துரு, இருந்தே வாங்கிட்டுப் போயிருவோம்" என்றார். இவனைப் போகவிடாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவளுக்கு அந்த நிமிடத்தில் எந்த மொழியும் வரவில்லை.

"இருங்கண்ணே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நானே சொல்லிர்றேன்."

அப்பா முன்னால் வந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்கப் போனவர், வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் காகிதத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கி, படம் உள்ளே இருக்கும்படி மடித்து, மகனின் நனைந்த சட்டைப் பையில் வைத்தார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவென் இருக்கட்டும் டீச்சரம்மா."

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அங்கன வச்சு என்னையப் பாத்து இங்கிலீசுல என்னமோ சொன்னானே, என்னது அது?" என்றார்.

"அப்பா, தயவுசெஞ்சு தமிழ் வேணாம்னு சொன்னான்."

யோசித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "ஆனா நான் சொன்னது சரித்தானே? தோலு அடியிலதேன?"

"சரிதான்" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

கூட வந்திருந்த மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். பேசுகிற அண்ணனும் ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அவர்களோடு வரிசையில் நின்று நானும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.